பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி, கிள்ளானில் ஒரு வாசல்

பிரிக்பீல்ட்ஸுக்கு நீங்கள் எதற்காகப் போவீர்கள்? தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போவீர்கள். கல்யாணத்துக்கு மாலை சொல்லிவைக்கப் போவீர்கள். வாழை இலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை பாக்கும் பூவும் வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள். நானும் இருபது வருடமாக அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு காரியமாகப் போனேன். உடன் வந்தவர் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தாயார். அந்த ஒருநாள் பயணத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். படித்துக்கொண்டே வரும்போது, "இது நம் வீட்டுக் கதை மாதிரி இருக்கிறதே" என்று யாருக்காவது தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். எழுதுகிறவளுக்கும் அப்படித் தோன்றியதால்தான் எழுதுகிறாள்.

நான் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். கெட்டிக்காரன், வாய்ப்பாடு கேட்டால் மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவான். ஆனால் தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் அவன் வேறு பிள்ளையாகிவிடுவான். வகுப்பில் தூங்கி விழுவான். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கி ஒடிப்பான். ஒருநாள் வகுப்பின் பின்புறத்தில் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது. மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவன் மட்டும் மேசைக்கடியில் போய்விட்டான். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி ஒளிந்துகொள்ளும் பிள்ளையை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை அவன் தாயாரைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். பையனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், கோயில்ல சத்தியம் வாங்கினேன். கையில கயிறு கட்டிவிட்டேன். மூணு வாரம் நின்னாரு. அப்புறம் பழைய குருடி கதவத் திறடிதான். குடிக்காதப்ப அவரு மாதிரி நல்ல மனுசன் கிடையாது டீச்சர். வெளியில சொன்னா மானம் போயிடும். உங்ககிட்டயும் இத சொல்லியிருக்கக் கூடாது."

தலைநகரில் குடியை விட்டவர்கள் ஒன்றாகக் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டு என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொல்லியிருந்தார். "போய்ப் பார்ப்போமா?" என்று கேட்டேன். "அவரு வரமாட்டாரு டீச்சர்" என்றார். "அவர் வராவிட்டால் போகட்டும். நாம் இரண்டு பேரும் போவோம்" என்றேன்.

காலையில் பசியாறிவிட்டுப் பேருந்து ஏறினோம். ஈஜோக் தாண்டி, சுங்கை பூலோ வரைக்கும் வழி நெடுகச் செம்பனையும் வீடமைப்புத் தாமான்களும் மாறி மாறி வந்தன. ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற இடங்கள். அந்த அம்மா சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தம் தாத்தா வேலை செய்த தோட்டம் இருந்த இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே பெட்ரோல் நிலையம் இருக்கிறது.

தலைநகரில் இறங்கி, இலகு ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் எதிரே பிரிக்பீல்ட்ஸ். 1881-ல் கோலாலம்பூர் நகரம் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த வீடுகளை இனிச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தபோது, இங்கேதான் செங்கல் சூளைகள் எழுந்தன. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போடவும், பட்டறையில் வேலை பார்க்கவும், அலுவலகத்தில் கணக்கெழுதவும் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம்மவர்கள் இங்கே குடியேறினார்கள். 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று பேர் பெற்ற ரயில்வே ஊழியர் வீட்டு வரிசைகள் ஒரு நூற்றாண்டு நின்றுவிட்டு, 2014-ல் இடிக்கப்பட்டன. இன்று துன் சம்பந்தன் சாலையில் வண்ண வளைவுகளோடு நீங்கள் பார்க்கும் 'லிட்டில் இந்தியா' 2010-ல் திறந்துவைக்கப்பட்டது.

கடைகளைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் விவேகானந்தர் ஆசிரமம் இருக்கிறது. ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில், சற்றுத் தள்ளிப் புத்த விகாரை, தேவாலயங்கள், சுராவ் எல்லாம் இருக்கின்றன. 1951-ல் அமைந்த பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான். அதனால் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் மஞ்சள் நிறத்தில் மேடு வைத்த கற்களைப் பதித்திருக்கிறார்கள். அன்று பார்வையற்ற பெரியவர் ஒருவர் தம் கோலால் அந்த மேட்டைத் தடவிக்கொண்டே எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவர் தோளில் கை வைத்துக்கொண்டு. அந்த அம்மா நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாதா டீச்சர்?" என்று கேட்டார். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருக்கிறது, அது போதும் என்றேன்.

நாங்கள் தேடிப்போனது ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. இடத்தின் பெயரை எழுதமாட்டேன். அங்கே யாரைப் பார்த்தாய், யார் என்ன பேசினார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய முதல் கட்டுப்பாடு. ஆகையால் அனுமதி வாங்கியதை மட்டுமே எழுதுகிறேன்.

நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? மேடையும், ஒலிபெருக்கியும், குடியின் தீமை பற்றி ஒரு பிரமுகரின் சொற்பொழிவும். அங்கே மேடையே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் கோப்பியும் ரொட்டியும் இருந்தன. பதினைந்து பேர் இருக்கலாம். தமிழர்கள், சீனர்கள், ஒரு சீக்கியப் பெரியவர், இரண்டு பெண்கள். ஆங்கிலமும் மலாயும் தமிழும் கலந்து பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தம் முதற்பெயரை மட்டும் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. புத்தி சொல்வதில்லை. 'அடப்பாவி' என்று முகம் சுளிப்பதில்லை. கடைசியில் ஒரு சிறு பை சுற்றி வந்தது. வாடகைக்கும் கோப்பிக்கும் உறுப்பினர்கள் தங்களால் முடிந்ததைப் போட்டார்கள். நான் கைப்பையைத் திறந்தபோது, "விருந்தாளிகள் போட வேண்டியதில்லை" என்று தடுத்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, பதிவு இல்லை. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான் உறுப்பினராவதற்குத் தகுதி. குடிநோயாளிகள் மட்டும் கூடும் கூட்டம் தனியாக உண்டு. அன்று நடந்தது யாரும் வந்து கேட்கலாம் என்ற திறந்த கூட்டம்.

இதற்குப் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஏஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பேர் சொல்லாத குடிநோயாளிகள் என்று பொருள் கொள்ளலாம். இது பிறந்த கதையைக் கேளுங்கள். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பில் என்ற பங்குத் தரகர் நியூயார்க்கிலிருந்து ஆக்ரன் என்ற ஊருக்கு ஒரு வியாபாரமாகப் போனார். குடியால் வாழ்க்கையை அழித்துக்கொண்டு, சில மாதங்களுக்கு முன்புதான் அதை நிறுத்தியிருந்தார். போன வியாபாரம் தோற்றுப்போனது. தங்கியிருந்த ஓட்டலில் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம் இழுத்தது. அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது: இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் நான் இன்று தப்பிப்பேன். தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசிப்பேசி, கடைசியில் பாப் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அந்த மருத்துவரும் பெருங்குடியர். மனைவி சொல்லி, நண்பர்கள் சொல்லிக் கேட்காத அந்த மனிதர், தன்னைப் போலவே விழுந்தவன் பேசியபோது மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் தேதியையே இயக்கம் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவள் நான். குடிமயக்கத்தில் இருப்பவனிடம் நியாயம் பேசுவது, நீரில் மூழ்கியவனைத் தீப்பந்தத்தோடு தேடுவதைப் போன்றது என்று வள்ளுவர் ஒரு குறளில் சொல்கிறார். அடுத்த குறளில், தான் குடிக்காத நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கும்போது தன் கோலமும் இதுதானே என்று ஒருவன் நினைக்கமாட்டானா என்று கேட்கிறார். அந்த மாடி அறையில் உட்கார்ந்திருந்தபோது இந்த இரண்டு குறளும் பக்கத்தில் பக்கத்தில் ஏன் நிற்கின்றன என்று எனக்கு விளங்கியது.

ஒரு லோரி ஓட்டுநர் பேசினார். ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் பிறந்தவர். "நான் சொன்னத எழுதிக்குங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்று பிறகு அனுமதி கொடுத்தார். அவருடைய அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார். பெல்ட்டுக்குப் பயந்து தூக்கம் வராது. பன்னிரண்டு வயதில், அப்பா போத்தலில் மிச்சம் வைத்ததைக் குடித்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாராம். அப்புறம் முப்பது வருடம் அந்தத் தூக்கத்தைத் தேடினார்.

"குடிய நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். நிறுத்தின பிறகுதான் அந்தப் பன்னெண்டு வயசுப் பையன் முழிச்சிக்கிட்டான். அவனுக்குப் பயம் இன்னும் போகல. சின்ன சத்தம் கேட்டாலும் கோவம் வந்துரும். என் மகன ஓங்கப்போன கைய நானே பிடிச்சிக்கிட்டேன். இங்க வந்து அதையெல்லாம் சொல்லச் சொல்லத்தான் கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. நான் குடிச்சு ஆறு வருசமாச்சு. ஆனா ஆறு வருசம்னு கணக்கு வெச்சுக்கிறதில்ல. இன்னிக்குக் குடிக்கல, அவ்வளவுதான்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம் கணவர் எந்த வீட்டில் வளர்ந்தார் என்பதை அவர் முதன்முதலாக நினைத்துப் பார்த்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். அடிபட்டவர் என்பதற்காக அடிப்பது நியாயமாகிவிடாது. ஆனால் புண் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை கயிறு கட்டினாலும் என்ன பயன்?

கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா எங்களிடம் வந்தார். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு கிள்ளானில். அவர் கணவர் இந்த அறையில்தான் குடியை விட்டாராம்.

"உன் வீட்டுக்காரர் வர்றப்ப வரட்டும்மா. அதுக்காக நீ காத்திருக்காத. குடிக்கிறது ஒருத்தர்தான். அந்தக் குடியச் சுத்தி வாழ்றவங்க நாலு பேரு. அந்த நாலு பேருக்கும் மருந்து வேணாமா? மத்தியானம் என் வீட்டுக்கு வாங்க. நாங்க சில பேரு கூடுவோம்."

பில்லின் மனைவி லோயிஸ் இதைத்தான் கண்டுபிடித்தார். கணவர்கள் உள்ளே கூட்டம் நடத்தும்போது வெளியே காத்திருந்த மனைவிமார் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். 1951-ல் அவரும் ஒரு தோழியும் சேர்ந்து, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழுக்களை அமைத்தார்கள். நம் சென்னையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1979-ல் குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்தார். மறு வருடமே கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, குடிநோய்க்குச் சிகிச்சை தர ஆரம்பித்தார். அதுவே பிறகு டிடிகே மருத்துவமனை என்று பேர் பெற்றது. அங்கே குடித்தவருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் உண்டு. 1992-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கிள்ளானிலிருந்து காப்பார் வழியாக எங்கள் பக்கத்துக்குப் பேருந்து உண்டு. வீடு திரும்பும் வழிதானே என்று அந்த அக்காவோடு கொமுட்டர் ரயில் ஏறினோம். இந்தத் தடத்தில் 1886-லேயே ரயில் ஓடியிருக்கிறது. சிலாங்கூரின் முதல் ரயில் பாதை இதுதான். சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா என்று நிறுத்தங்கள் வந்துகொண்டே இருந்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிள்ளான். தெங்கு கிளானா சாலையில் மல்லிகையும் முறுக்கும் மணக்க, சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகும் கூட்டம் எதிரே வந்தது.

கிள்ளான் மண்ணை மிதிக்கும்போது தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். 1941-ஆம் ஆண்டு இந்த வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர்.எச். நாதனும் முன்னால் நின்றார்கள். என்ன கேட்டார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கேட்டார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. உரிமம் கொடுத்து வருமானம் பார்த்தது அரசாங்கம். வாங்கிய கூலியைக் கடையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார் தொழிலாளி. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பிறகு 1946, 1947-ல் கெடா தோட்டங்களில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது.

ஆக, குடி நம் வீட்டுக்குத் தானாக வந்த விதி அல்ல. கடை வைத்துக் கொடுத்தார்கள். நம் முன்னோர் அதை மூடச் சொல்லி உயிரையே கொடுத்தார்கள். கள்ளு போனால் சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டு, அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்களோடு போத்தலும் கூடவே படியேறியது.

அந்த அக்காவின் வீடு, பழைய தோட்ட நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் இருந்தது. கார் நிறுத்தும் வாசலில் பாய் விரித்திருந்தார்கள். நான்கு பெண்கள், இருபது வயது இளைஞன் ஒருவன். இங்கேயும் அதே கட்டுப்பாடுதான்: சொன்னது இந்த வாசலைத் தாண்டாது. அவர்கள் சொன்னதை எழுதமாட்டேன். நான் சொன்னதை எழுத எனக்கு உரிமை உண்டு.

என் அப்பா பால் வெட்டியவர். மாலையில் அவர் வரும் சத்தத்துக்காக நானும் தம்பியும் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் அன்று குடிக்கவில்லை. சைக்கிள் சுவரில் மோதிச் சரியும் சத்தம் கேட்டால் குடித்திருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டதும் தம்பியை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவேன். ஐந்தாம் ஆண்டில் எங்கள் வாத்தியார் 'என் தந்தை' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். என் தந்தை மாலையில் எனக்குக் கதை சொல்வார், விடுமுறையில் கடற்கரைக்கு அழைத்துப் போவார் என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு வரிகூட உண்மை இல்லை. வாத்தியார் அதை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக் காட்டி, முழு மதிப்பெண் போட்டார். நான் நன்றாக எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான். நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். இன்றைக்கும் என் கணவர் கார்க் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினால் என் வயிறு கலங்குகிறது. அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர்.

இதைச் சொல்ல எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று. சொல்லி முடித்தபோது யாரும் ஆறுதல் வார்த்தை பேசவில்லை. அந்த இளைஞன் மட்டும், "எங்க வீட்டுல மோட்டர்சைக்கிள், டீச்சர்" என்றான். அவ்வளவுதான். எனக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது.

குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்க்கிறேன். ஒன்று வயதுக்கு மீறிப் பொறுப்பாக, தம்பி தங்கைக்குத் தாயாக இருக்கும். ஒன்று சண்டைக்காரப் பிள்ளையாகும். ஒன்று எல்லோரையும் சிரிக்க வைக்கும். ஒன்று இருக்கும் இடமே தெரியாது. வள்ளுவர் குடிப்பவனின் தாயைப் பற்றிச் சொன்னார். ஊர் சிரிப்பதையும் சொன்னார். குடிப்பவனின் பிள்ளையைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு குறளும் இல்லை. அதை இந்தக் காலத்து மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் சுமார் 9,500 பேரிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். அடி, வசை, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடி போன்ற துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, ஒன்றும் படாதவர்களைவிடக் குடிநோயும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் வரும் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். இன்னோர் ஆய்வும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. நம்மைப் போலவே கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த கரும்புத் தீவு. அங்கே 1955-ல் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, சண்டை நிறைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பெற்றோர் கைகொடுக்காத இடத்தில் பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். ஒரே ஒருவர் போதும், வாசகர்களே. அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

அந்த அக்கா சொன்ன சில செய்திகளை உங்கள் நன்மைக்காக எழுதுகிறேன். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாறுதல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். குடித்திருக்கும் நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம். அடி விழும் வீடாக இருந்தால் பிள்ளைகளோடு போய்த் தங்க ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையிடம் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: அப்பா குடிப்பது உன்னால் அல்ல, அதை நிறுத்துவது உன் வேலை அல்ல, பயமாக இருந்தால் என்னிடம் சொல்லலாம்.

மாலை மயங்கும் நேரத்தில் காப்பார் பேருந்தில் ஏறினோம். வெகுநேரம் அந்த அம்மா பேசவில்லை. தோட்டத்துச் சந்திப்பு நெருங்கும்போது, "வெளியில சொன்னா மானம் போயிடும்னு எங்கம்மா சொல்லுவாங்க. எங்கம்மாவுக்கு அவங்கம்மா சொல்லியிருப்பாங்க போல" என்றார். பிறகு, "எழுதுங்க டீச்சர். பேரு மட்டும் வேணாம்" என்றார்.

அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. அவர் கணவர் இரண்டு மாதம் சிரித்தார். "பொம்பளைங்க கூட்டம்" என்று கேலி செய்தார். பிறகு ஒரு நாள் கைநடுக்கம் தாங்காமல் தாமாகவே மருத்துவமனைக்கு வந்தார். அப்புறம் பிரிக்பீல்ட்ஸ் மாடிக்குப் போனார். லோரி ஓட்டுநர்தான் வழித்துணை. நான்கு மாதம் நின்றவர் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டார். வெட்கத்தால் திரும்பிப் போகமாட்டார் என்றுதான் நினைத்தோம். மறு ஞாயிறே போனார். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார். பையன் இன்னும் சில நாள் தூங்கி விழுகிறான். ஆனால் மதிய இடைவேளையில் என் மேசைக்கருகே வந்து நின்றுகொண்டு, வீட்டில் நடந்ததைத் தானாகச் சொல்கிறான்.

நானும் ஒன்றை மாற்றினேன். ஆண்டுதோறும் நானே பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த 'என் தந்தை' என்ற கட்டுரைத் தலைப்பை எடுத்துவிட்டேன். 'எனக்குத் துணையாக இருக்கும் ஒருவர்' என்று போட்டிருக்கிறேன். யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். பொய் எழுத வேண்டியதில்லை.

அந்தத் தாயார் மாதம் ஒருமுறை கிள்ளானுக்குப் போகிறார். சென்ற மாதம் எங்கள் தோட்டத்து இன்னொரு பெண்ணும் அவரோடு போனார். அடுத்த முறை நீங்கள் புடவை எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் போகும்போது, அங்கே நம்மைப் போன்றவர்கள் கூடும் ஒரு மாடியும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியிருக்காது, உங்கள் பக்கத்து வீட்டாருக்கு வேண்டியிருக்கும். மெதுவாக, மரியாதையாக, காதோடு சொல்லுங்கள்.